இருநூற்றுப் பதினான்காம் பெரின்

பிரான்ஸ் நாட்டில் அச்சுக்குப் போகக் காத்திருந்த ஒரு புத்தகத்தில் என் குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதை நீக்க வைப்பதற்காகத்தான் நான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்குப் போனேன். ஊர் சுற்றவோ, மூலிகை எண்ணெய் தேய்த்துக்கொள்ளவோ அல்ல. விமானத்தில் பக்கத்து இருக்கை அம்மாள் "ஹாலிடேயா?" என்று கேட்டார். "சண்டைக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா பெரின். வயது அறுபத்திரண்டு. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள். பெரின் என்பது பிரெஞ்சுக்காரர்களின் குடும்பப் பெயர். தமிழ் முகத்தோடு இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நான் நிற்காத கவுண்டர் இல்லை, கேட்காத கேள்வி இல்லை. பிரான்சில் இந்தப் பெயர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மகள் அங்கே வேலை பார்ப்பதால், போன வருடம் அவர்கள் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனாள். மண்டபச் சுவரை அடைத்து ஒரு உலகப் படம். மதச் சண்டையில் ஊரை விட்டு ஓடிய பெரின்கள் லண்டனுக்குப் போனார்கள், பிழைப்புத் தேடியவர்கள் கனடாவுக்கும் மொரீசியசுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனார்கள். போன இடத்துக்கெல்லாம் ஒரு சிவப்புக் குண்டூசி. கிள்ளானுக்கு மட்டும் சாம்பல் நிறம். "உறவு இன்னும் விளங்கவில்லை" என்று அர்த்தமாம். மதியம் போட்ட வாத்துக்கறி மிக நன்றாக இருந்தது. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருடம் புத்தகத்தின் பிரதி வந்தது. தொகுப்பவர் ஒதீல் என்ற அம்மையார். எங்கள் கிளைக்கு அவர் எழுதியிருந்தது இது: "இந்தியாவின் தென்கோடியில் ஒரு தோட்டத் துரை வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் வழி வந்தவர்களாக இருக்கலாம்."

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. எடுங்கள் என்று எழுதினேன். உங்கள் குடும்பத்தில் மூத்தவர் வாயால் சொன்னது, உங்கள் கோபத்துக்காக எடுக்க முடியாது, வேறு ஆதாரம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்புங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மூத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். ரூபி அத்தை. அப்பாவின் அக்கா, எண்பத்து நான்கு வயது, கொஞ்சம் வெளுத்த நிறம். "நம்ம ரத்தத்துல பிரெஞ்சு ஓடுது" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்.

கதை இதுதான். அத்தையின் தாத்தா யோசேப்பு பெரின் பாறசாலையிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்து, ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக, மருந்து கட்டுகிறவராக, இருந்தவர். பெயரைக் கேட்டதும் தோட்டத்தில் எல்லோரும் அவர் வெள்ளைக்காரனுக்குப் பிறந்தவர் என்று முடிவு கட்டினார்கள். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊரைப் பற்றி வாயே திறக்காமல் செத்துப்போனார். எங்கள் வீட்டு நினைவு ஜெபத்தில் செத்துப்போன எல்லோர் பெயரையும் சொல்வோம். அவரைப் பெற்றவள் பெயரை மட்டும் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது, யாரும் தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அவளைப் பற்றிப் பேச்சு வந்தாலே என் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பிரான்சில் இப்போது அவளுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கப் போகிறது, அதுவும் இப்படி. என் கையில் இருந்தவை இரண்டு: பாறசாலை என்ற ஊர்ப்பெயர், அடியில் 214 என்று புள்ளி புள்ளியாகக் குத்திய ஒரு பித்தளைக் கிண்ணத்தின் புகைப்படம். தாத்தா கப்பலில் கொண்டுவந்த கிண்ணம் அது. அத்தை அதில்தான் இன்றைக்கும் கஞ்சி குடிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பாறசாலைக்குப் பக்கத்து நகரமான நெய்யாற்றின்கரையில் இறங்கினேன். பேருந்து நிலையத்தில் ஒரு எழுத்தும் புரியவில்லை. எல்லாம் மலையாளம், எல்லாம் வட்டம் வட்டமாக. ஆனால் காதுக்கு எல்லாம் பாதி புரிந்தது. ஓட்டலில் நான் தமிழில் கேட்டேன், பரிமாறுகிறவர் மலையாளத்தில் பதில் சொன்னார், நான் விழித்ததும் சிரித்துக்கொண்டு "நமக்குத் தமிழும் உண்டு அக்கா, மரச்சீனி இருக்கு, மீன் கறியும் உண்டு, கொண்டு வாறேன்" என்றார். எங்கள் ஊரில் மரவள்ளியைத் தேங்காய்ப்பாலில் இனிப்பாகச் செய்வார்கள். இங்கே அவித்து, மிளகாய்ச் சிவப்பில் மிதக்கும் மீன் குழம்போடு தருகிறார்கள். முதல் வாயில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

திங்கள் காலை ஒரு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் சுனில்குமார், நாற்பது வயது இருக்கும், பாறசாலைக்காரர். கண்ணாடிக்கு மேலே ஒரு பிள்ளையாரும், பக்கத்தில் இரண்டு மகள்களின் பள்ளிக்கூடப் படமும். வழியெல்லாம் எல்லைக் கதை சொன்னார்.

"எனக்க வீடு கேரளாவாக்கும். எங்க அக்காவுக்க வீடு தமிழ்நாடு. கெணறு ரெண்டு பேருக்கும் ஒண்ணு. கரண்டு போனா அவளுக்கு ஒரு நேரம், எனக்கு வேற நேரம் போவும், கேட்டியளா."

பெரின் என்ற பெயருள்ள குடும்பம் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பெரினா? உண்டல்லா! அதியன்னூர்ல பெரிய வீடு. கேட்டுல பேரு எழுதிப் போட்டிருக்காங்க."

நூறு வருடத்துக்கு மேலான புதிர் அரை மணி நேரத்தில் அவிழப் போகிறது என்று நினைத்தேன். அதியன்னூரில் ஊதா நிறத்தில் இரண்டு மாடி வீடு. கேட்டில் மலையாளத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று: பெரின் வில்லா. கதவைத் திறந்தவர் ஐம்பது வயதுக்காரர், கைலியும் பனியனும். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் பெரின், மலேசியாவிலிருந்து வருகிறேன்" என்றேன். அவர் திகைத்துப்போய் மனைவியைக் கூப்பிட்டார்.

விஷயம் பிறகுதான் விளங்கியது. அவர் பெயர் பெர்சி. மனைவி ஷெரின். புருஷன் பெயரில் முன்பாதி, பெண்டாட்டி பெயரில் பின்பாதி. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கும் பிள்ளைக்கும் கடைக்கும் இப்படித்தான் பெயர் கட்டுகிறார்கள். பெர்சி துபாயில் இருபது வருடம் இருந்து திரும்பியவர். பாவம், அவருக்கும் என்னை ஏமாற்றிவிட்டோமே என்ற வருத்தம்.

"உங்க அப்பா பேரும் பெர்சியா?" என்று கேட்டார்.

"இல்லை, சாமுவேல்."

"பின்னே எப்பிடி பெரின் வந்தது?"

அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஷெரின் விடவில்லை, புட்டும் கடலைக் கறியும் வைத்து, பழத்தை அவரே புட்டில் பிசைந்து கொடுத்தார். சாப்பிடும்போதுதான் பெர்சி உருப்படியாக ஒன்று சொன்னார். குளத்தூர்ப் பக்கம் ஒரு பழைய மிஷன் சபை உண்டு. வெள்ளைக்கார மிஷனரிகள் காலத்தில் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு போர்டிங் பள்ளிக்கூடம் இருந்தது. வெள்ளைக்காரப் பெயர் வைத்த பழைய குடும்பம் எது என்றாலும் வேர் அங்கேதான் போகும். "எங்க அப்பாவுக்க தாத்தாவும் அங்க படிச்சதாக்கும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை சுனிலுக்கு வேறு சவாரி இருந்தது. பேருந்தில் போகிறேன் என்று வீரம் பேசினேன். கிள்ளானில் பேருந்துக்கு எண் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். இங்கே பலகையை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பேருந்து. கூட்டம் ஏறியது, நானும் ஏறினேன். ஐந்து நிமிடத்தில் என்னைச் சுற்றிலும் முதுகுப்பைகள். நான் ஒருத்திதான் கிழவி. பின்னால் இரண்டு பையன்கள் பரீட்சையைப் பற்றி மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருவன் "நான் ஒன்றுமே படிக்கவில்லை" என்றான், இன்னொருவன் "நானும்தான், ஆனால் நீ பொய் சொல்கிறாய்" என்றான். என் பள்ளிக்கூட வராந்தாவில் மலாயில் கேட்ட அதே பேச்சு. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் குளத்தூர் எப்போது வரும் என்று கேட்டேன்.

"அய்யோ ஆன்ட்டி, இது தனுவச்சபுரத்துக்காக்கும் போவுது. காலேஜ் பஸ் மாதிரிதான். இறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க, நான் கைகாட்டித் தாறேன்."

தன் வகுப்புக்கு நேரமாகியும் அவள் என்னோடு இருபது நிமிடம் நின்று, சரியான பேருந்தை நிறுத்தி, நடத்துநரிடம் என்னைப் பிள்ளையைப் போல ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

சபையை அடைந்தபோது மதியம் தாண்டிவிட்டது. ஓடு போட்ட பழைய கோயில், பக்கத்தில் புதிய மண்டபம், பூட்டிய அலுவலகம். செயலாளர் எதிரே பெயிண்ட் கடை வைத்திருக்கிறார் என்றார்கள். பெயர் ஜெயசிங். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நான் முழுக் கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கைகளை விரித்தார்.

"போர்டிங் புஸ்தகம் இருக்கு அக்கா, அலமாரியில. பக்ஷே அச்சன் சம்மதிக்கணும். அச்சன் திருவனந்தபுரத்துல மீட்டிங்குக்குப் போயிருக்காரு. அடுத்த திங்களாழ்ச வாருங்க." பக்ஷே என்றால் ஆனால், அச்சன் என்றால் அங்கே போதகர்.

வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வேண்டும் என்றேன். "ஒண்ணும் செய்ய முடியாது அக்கா" என்றார். முப்பது வருடம் அதே வாக்கியத்தை நானே கவுண்டருக்குப் பின்னால் இருந்து பெற்றோர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை எது உடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். எழுந்து போகாமல் இருப்பதுதான்.

புதன்கிழமை கடை திறக்கும்போதே நான் வாசலில் இருந்தேன். ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். ஜெயசிங் வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன், அதோடு சரி. பத்து மணிக்கு ஒருவர் வீட்டு முன்பக்கத்துக்கு நிறம் தேடி வந்து பச்சையைக் காட்டினார். கிளியே வெட்கப்படும் பச்சை. என்னால் பொறுக்க முடியவில்லை. வெயிலில் ஒரு வருடத்தில் மஞ்சளாகிவிடும், இதை எடுங்கள் என்று வேறு ஒன்றைக் காட்டினேன். அவர் ஜெயசிங்கைப் பார்த்தார். ஜெயசிங் "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார், வேறு வழியில்லாமல். மதியத்துக்குள் மூன்று பேருக்கு நிறம் தேர்ந்துவிட்டேன். ஒரு அம்மாள் ரோஸ் நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள். ஜெயசிங் எனக்கும் சேர்த்துச் சாயாவும் பழம்பொரியும் வாங்கினார். நேந்திரம் பழத்தை நீளமாகச் சீவி மாவில் முக்கிப் பொரித்தது. எங்கள் பீசாங் கோரெங் இதற்குத் தம்பி முறை.

நாலு மணிக்கு அவர் போனை எடுத்தார்.

"அச்சோ, இங்க ஒரு அக்கா இருக்கு. மலேசியாக்காரி. இனி ரெண்டு நாளு இவங்க இங்க இருந்தா நான் கடையைப் பூட்டணும்." கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்குக் காலம்பற ஒம்பது மணி. நான் கூட இருக்கணும்னு சொல்லுதாரு."

வியாழக்கிழமை சுனிலும் கூட வந்தார், சவாரி இல்லையாம். அவருக்கும் கதையின் முடிவு தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இரும்பு அலமாரியிலிருந்து பாச்சா உருண்டை வாசனை அடித்தது. ஜெயசிங் ஒரு நீளமான தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். திறந்தார். பக்கங்களைப் புரட்டினார். பிறகு மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"அக்கா, ஒரு காரியம். இது தமிழு. நாங்க வீட்டுல தமிழு பேசுவோம். படிச்சது எல்லாம் மலையாளமாக்கும். எனக்கு இதை வாசிக்கத் தெரியாது."

சுனிலைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார். "எனக்கும் அறியாது அக்கா. பஸ் போர்டு மட்டும் பாத்துச் சொல்லிருவேன்."

எல்லைக்கோடு இந்தப் புத்தகத்தின் மேலேயே போயிருக்கிறது என்று தோன்றியது. வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் போன பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. நான் படித்தது கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில். உங்கள் புத்தகத்தை நானே வாசிக்கிறேன் என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

அது சேர்க்கைப் பதிவேடு. அந்த வேலைதானே எனக்குச் சோறு போட்டது, கை தானாகப் போயிற்று. எண், முன்பெயர், இட்ட பெயர், தாய் தகப்பன், ஆதரவாளர், குறிப்பு. முதல் பக்கத்தில் விதிகள் எழுதியிருந்தன. சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். வீட்டிலிருந்து கொண்டுவரும் தட்டிலும் கிண்ணத்திலும் அந்த எண்ணைக் குத்த வேண்டும். சீமையிலிருந்து ஒரு பிள்ளையின் செலவை ஏற்கிறவர் விரும்பும் பெயரையே அந்தப் பிள்ளைக்கு இட வேண்டும். அந்தப் பிள்ளை இறந்தாலோ விலகினாலோ, ஆதரவாளர் மனம் சோராதபடி, அதே பெயரை அடுத்து வரும் பிள்ளைக்கு இட வேண்டும்.

அந்தக் கடைசி விதியை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

எண்பத்தெட்டாம் எண்: யோசேப்பு பெரின். ஆதரவாளர் லண்டன் மிஸ் பெரின். குறிப்பு: காய்ச்சலில் இறந்தான். நூற்று ஐம்பத்தொன்று: யோசேப்பு பெரின். அதே மிஸ் பெரின். குறிப்பு: தகப்பன் வந்து பிடிவாதமாகக் கூட்டிப் போனான். பெயர் ஒன்றுதான், பிள்ளைகள்தான் மாறினார்கள். லண்டனில் இருந்த அம்மாளுக்கு ஒவ்வொரு வருடமும் யோசேப்பு பெரின் நன்றாகப் படிக்கிறான் என்று கடிதம் போயிருக்கும். எந்த யோசேப்பு என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

பக்கங்களைத் தள்ளினேன்.

இருநூற்றுப் பதினான்கு. முன்பெயர் நீலன். இட்ட பெயர் யோசேப்பு பெரின். தகப்பன் மாடன், பனையேறி, மரத்திலிருந்து விழுந்து இறந்தவன். தாய் இசக்கி. நெல் குத்திப் பிழைக்கிறவள்.

போனில் இருந்த கிண்ணத்தின் படத்தை ஜெயசிங்கிடம் காட்டினேன். எண் அவருக்கு வாசிக்கத் தெரியுமே. "இருநூத்திப் பதினாலு" என்றார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் அழுதேன். துரையும் இல்லை, தோட்டமும் இல்லை. புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்த பிறகு, ஊரார் நெல்லைக் குத்தி, பிள்ளையைப் படிக்க அனுப்பிய ஒருத்தி. அவளைத்தான் நாங்கள் மூன்று தலைமுறை வாயில் எடுக்காமல் இருந்தோம். அடுத்து எனக்குக் கோபம் வந்தது, தாத்தா மேல். இவ்வளவும் அவருக்குத் தெரியும். வெள்ளைக்காரப் பிள்ளை என்று நினைத்தால் தோட்டத்தில் மரியாதையும் நல்ல வீடும் கிடைக்கும். அதற்காகத் தன்னைப் பெற்றவளை ஊர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் சத்தமாகவே திட்டினேன்.

"குறிப்புல என்ன இருக்கு?" என்று சுனில் கேட்டார்.

அந்தக் காலத்துக் கிராணி கைக்கு வந்ததையெல்லாம் எழுதுகிறவர். ஒரு பையனுக்கு "மாங்காய் திருடினான், மன்னிக்கப்பட்டது" என்றுகூட எழுதியிருந்தார். இருநூற்றுப் பதினான்கின் குறிப்பு கட்டத்தை மீறி ஓரம் வரைக்கும் போயிருந்தது. நான் வாசித்தேன்.

"மருந்து வேலை கற்றான். மலாய் தேசம் போனான். தாய் வந்தாள். கடிதம் உண்டா என்று கேட்டாள். இல்லை." அதற்குக் கீழே வேறு மையில்: "தாய் வந்தாள். கடிதம் இல்லை." அதற்கும் கீழே இன்னொரு மையில், அதே வரி. எண்ணினேன். ஏழு தடவை. கடைசித் தடவை எழுத்து வேறு ஒருவருடையது. கிராணியே மாறிவிட்டார், அவள் வருவது மாறவில்லை.

சுனில் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

விஷயம் எப்படிப் பரவியதோ, பதினொரு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது முந்தின நாள் ரோஸ் நிறத்துக்குச் சண்டை போட்ட அம்மாள். "மக்கா, எங்க வீட்டுப் பேரு ராபின்சன். எங்களையும் வெள்ளைக்காரனுக்க ஆளுன்னு சொல்லுவினும். அதுல உண்டான்னு ஒண்ணு பாருங்க." பார்த்தேன், இருந்தது. முன்பெயரையும் தாய் தகப்பன் பெயரையும் வாசித்துச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வரிசை வந்துவிட்டது. பெர்சியும் ஷெரினும் அதியன்னூரிலிருந்து வந்தார்கள். பெர்சியின் அப்பாவுடைய தாத்தாவுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழாம் எண். மாலை வரை வாசித்தேன், ஜெயசிங் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதிக்கொண்டே வந்தார். மதியச் சோற்றை யாரோ மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

அன்று மாலையே பக்கங்களைப் படமெடுத்து, அர்த்தம் எழுதி ஒதீல் அம்மையாருக்கு அனுப்பினேன். வெள்ளி காலை பதில் வந்திருந்தது. லண்டன் மிஸ் பெரின் அவர்கள் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறாராம், மணமாகாதவர், வாரிசு இல்லை. தவறான வாக்கியத்தை எடுத்துவிட்டார், மன்னிப்பும் கேட்டிருந்தார். ஆனால் ரத்த உறவு உள்ளவர்களுக்குத்தான் புத்தகம் என்பது விதி. எனவே கிள்ளான் பக்கம் முழுவதும் போகும், குண்டூசியும் போகும். மிஸ் பெரின் பெயருக்குக் கீழே "இவர் பெயர் பாறசாலை அருகே மூன்று பிள்ளைகளுக்கு இடப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் சேர்ப்பார். மூன்றாவது பிள்ளையின் தாய் பெயர் இசக்கி, அதையும் போடுங்கள் என்று எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் அத்தையைக் கூப்பிட்டேன். இதற்குத்தான் நான் பயந்தேன். எண்பத்து நான்கு வருடம் பிரெஞ்சுக்காரியாக இருந்தவரிடம், நீங்கள் அது இல்லை என்று சொல்ல வேண்டும். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பனையையும், நெல்லையும், ஏழு தடவையையும்.

"அப்ப புத்தகத்துல நம்ம இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை அத்தை."

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஏழு வாட்டியா?"

"ஏழு வாட்டி எழுதியிருக்கு."

"சண்டாளன்" என்றார் அத்தை, தன் தாத்தாவை. அவர் அழுவது கேட்டது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, எனக்கு வேலை ஏவும்போது எப்போதும் பேசுகிற குரலில், "ஸ்டெல்லா, பேப்பர் பேனா எடு. நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

எழுதினேன். மத்தியானம் சபை அலுவலகத்துக்குப் போய், அதைப் பதிவேட்டில் எழுத அனுமதிப்பீர்களா என்று ஜெயசிங்கிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "எழுதப்பிடாது அக்கா. பழைய ரெக்கார்டாக்கும்." கொஞ்சம் யோசித்தார். "எழுதத்தானே பிடாது. உள்ள வைக்கலாம்."

அவரே புத்தகத்தைத் திறந்து இருநூற்றுப் பதினான்காம் எண்ணைத் தேடி எடுத்தார். எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். மடித்த காகிதத்தை அந்தப் பக்கத்தில் வைத்தேன். மூடுவதற்கு முன் அவர் கையை நடுவில் வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கு அக்கா? எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா."

வாசித்துக் காட்டினேன்.

"இசக்கியம்மாளுக்கு. உங்கள் மகன் நீலன் சுகமாகப் போய்ச் சேர்ந்தான். கல்யாணம் செய்தான், பிள்ளைகள் ஐந்து பேர். நீங்கள் கொடுத்தனுப்பிய கிண்ணம் பத்திரமாக இருக்கிறது. அவன் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். இப்படிக்கு, உங்கள் மகனுடைய பேத்தி ரூபி."

ஜெயசிங் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், எழுதப்பிடாது என்று சொன்ன அதே புத்தகத்தில், ஏழாவது வரிக்குக் கீழே, மலையாளத்தில் இரண்டே சொல் எழுதினார். என்ன என்று கேட்டேன்.

"கடிதம் வந்தது" என்றார்.